வலது கைக்கு மாறிய கோவேறு கழுதை

"நமது சின்னத்தில் தற்செயலானது என்று எதுவுமே இல்லை" என்பது மேஜர் எழுதிய கையேட்டின் முதல் வாக்கியம். பதினான்கு பக்கங்கள் கொண்ட அந்தக் கையேட்டை, சரக்குப் போக்குவரத்துப் படைப்பிரிவில் புதிதாகச் சேரும் ஒவ்வொருவரும் முதல் மாதத்திலேயே மனப்பாடம் செய்தாக வேண்டும். சின்னம் என்னவோ எளிமையானதுதான்: உள்ளங்கையளவு பச்சை வட்டம்; அதற்குள், முதுகில் மூட்டையுடன் ஒரு கோவேறு கழுதை; அதன் முன்னங்கால் ஒன்று மட்டும் தரையிலிருந்து எழும்பியிருக்கும். மேஜரின் உரை அந்த வட்டத்தில் ஓர் இழை நூலைக்கூட விட்டுவைக்கவில்லை. மூட்டை பொறுப்பைக் குறித்தது. நிமிர்ந்த காதுகள் விழிப்பைக் குறித்தன. தூக்கிய கால் முன்னேற்றம். ஊன்றிய மூன்று கால்கள் முறையே உணவு, மருந்து, எரிபொருள். எந்தக் கால் எது என்பதில் மட்டும் வீரர்களிடையே இன்றுவரை கருத்தொற்றுமை ஏற்படவில்லை. படைப்பிரிவில் கோவேறு கழுதை ஒன்றுகூடக் கிடையாது, நாற்பது லாரிகள்தான் இருந்தன என்பது மேஜரின் பார்வையில் சின்னத்தின் குறையன்று; லாரிகளின் குறை.

இந்தக் கழுதை (மேஜர் அருகில் இல்லாதபோது வீரர்கள் 'கோவேறு' என்பதை விட்டுவிடுவார்கள்) பல ஆண்டுகளாகச் சட்டையின் இடது கையில்தான் இருந்துவந்தது. சென்ற மாதம் தலைமையகத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. இனி இடது கையில் நாட்டுக் கொடி இடம்பெறும். பிரிவின் சின்னம் வலது கைக்கு மாற வேண்டும். முந்நூற்று ஆறு வீரர்கள், ஆளுக்கு இரண்டு சட்டைகள், ஆக அறுநூற்றுப் பன்னிரண்டு சின்னங்கள். அவற்றைப் பிரித்து மாற்றித் தைத்து, காலியான இடத்தில் கொடியைத் தைக்கும் வேலை, முகாமின் பின்பகுதியில் சலவைக்கூடத்தை ஒட்டிய சிற்றறையில் ஒற்றை இயந்திரத்தோடு அமர்ந்திருந்த தையல்காரியிடம் வந்து சேர்ந்தது.

அவள் வேலைக்குச் சேர்ந்து ஐந்து மாதங்கள் முடிந்திருந்தன. தற்காலிக நியமனம். ஆறாம் மாதத்தில் நடக்கும் ஆண்டு ஆய்வின் அறிக்கையில் 'உடை: குறையில்லை' என்ற ஒரே ஒரு வரி இடம்பெற்றால் அவள் நிரந்தரமாவாள்; இடம்பெறாவிட்டால் கத்தரிக்கோலைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். இதற்குமுன் மூன்று ஆயத்த ஆடை ஆலைகளில் வேலை பார்த்து, மூன்றும் அடுத்தடுத்து மூடப்பட்டதைக் கண்டவள் அவள். ஒரு படையை அவ்வளவு சுலபமாக இழுத்து மூடிவிட மாட்டார்கள் என்ற நம்பிக்கையில்தான் இங்கே வந்திருந்தாள். ஆகவே பதினோரு நாட்கள், கழுத்து ஒரு பக்கமாகத் திரும்ப மறுக்கும் வரையில் தைத்தாள். தோள் தையலிலிருந்து நான்கு விரற்கடை கீழே. காதுகள் தோளை நோக்கி. விளிம்பைச் சுற்றி நெருக்கமான இரட்டைத் தையல். அறுநூற்றுப் பன்னிரண்டில் ஒன்றுகூட நூலளவு கோணவில்லை.

திங்கட்கிழமைக் காலை அணிவகுப்பில் முந்நூற்று ஆறு வீரர்களும் புதிய வலது கையோடு முதன்முறையாக முன்னோக்கி நடந்தார்கள். கழுதைகள் பின்னோக்கி நடந்தன.

இதை முதலில் கண்டவர் பயிற்சி சார்ஜெண்ட். வீரர்கள் அவருக்கு ஒலிபெருக்கி என்று பெயர் வைத்திருந்தார்கள்; அவர் ரகசியம் பேசினால் அது முகாமின் எல்லா அறைகளுக்கும் பொதுவான ரகசியமாகிவிடும். அணியை நிறுத்திவிட்டு, பக்கவாட்டில் போய் நின்று, தலையை ஒருமுறை இப்படியும் ஒருமுறை அப்படியும் சாய்த்துப் பார்த்தார். விஷயம் புரிவதற்குச் சிறிது நேரம் பிடித்தது. இடது கையில் இருந்தவரை, வீரனின் முகம் பார்த்த திசையையே கழுதையின் முகமும் பார்த்தது. அதே சின்னத்தைப் பிரித்து அப்படியே வலது கையில் வைத்ததும், அதன் முகம் வீரனின் முதுகுப் பக்கம் திரும்பிவிட்டது. எதிரியை நோக்கி நடக்கும் ஒவ்வொருவனின் தோளிலும், மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடிப்போகும் ஒரு பிராணி.

மைதான வேலிக்கு அப்பால் பாலம் கட்டும் படைப்பிரிவு பயிற்சி செய்துகொண்டிருந்தது. அவர்களுடைய சின்னம் நங்கூரம். அதை எந்தக் கையில் வைத்தாலும் அது நங்கூரம்தான். அங்கிருந்து ஒரு குரல் வந்தது.

"என்னப்பா, நீங்க சண்டைக்குப் போறீங்க, உங்க கழுதை வீட்டுக்குப் போகுது?"

"அதுக்காவது விவரம் இருக்கே!" என்றது இன்னொரு குரல்.

பத்து நிமிடத்தில் சார்ஜெண்ட் தையலறையின் வாசலில் நின்றார்.

"டெய்லரம்மா, ஒரு ரகசியம்."

சலவைக்கூடத்தில் இஸ்திரிப் பெட்டியின் சத்தம் நின்றது. காது கொடுத்துக் கேட்கும் அமைதி அங்கே பரவியது.

"கழுதை பின்னாடி போகுது."

"எந்தக் கழுதை சார்?"

"எல்லாக் கழுதையும்."

அவள் விளங்காமல் பார்த்தாள். சார்ஜெண்ட் விளக்கத்தில் நம்பிக்கை இல்லாதவர். செய்முறையில் நம்பிக்கை உள்ளவர். அறையின் நீளம் நான்கு தப்படிதான். அந்த நான்கையும் கைவீசி நடந்து காட்டினார்.

"நான் எந்தப் பக்கம் போறேன்?"

"சுவத்துப் பக்கம்."

"கழுதை?"

அவள் அவருடைய கையைப் பார்த்தாள். பிறகு முக்காலியில் உட்கார்ந்தாள். "கதவுப் பக்கம்," என்றாள்.

"அதான்."

"பிரிச்சுத் திருப்பித் தைச்சா..." என்று அவளே தொடங்கி, அவளே நிறுத்திக்கொண்டாள். திருப்பினால் நான்கு கால்களும் வானத்தைப் பார்க்கும். உட்புறத்தை வெளியே வைத்துத் தைக்கலாமா என்று சார்ஜெண்ட் கேட்டார். அவள் மிச்சமிருந்த ஒரு சின்னத்தை எடுத்துத் திருப்பிக் காட்டினாள். அங்கே கழுதையே இல்லை. முடிச்சுகளும் நூல் சிக்கல்களும் சேர்ந்த ஒரு குப்பல்தான் இருந்தது.

"இது எந்தப் பக்கமும் போகாது போலிருக்கே," என்றார் சார்ஜெண்ட், கொஞ்சம் ஆசையோடு.

புதிய சின்னங்களை மத்தியக் கிடங்கிலிருந்து வரவழைக்க மூன்று மாதங்கள் ஆகும். ஆய்வு வெள்ளிக்கிழமை. தையல்காரி விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள். அதற்கு ஒரு கையே போதுமானதாக இருந்தது.

முகாம் அலுவலகத்தின் தலைமை எழுத்தர் அவளுடைய உடன்பிறந்த அக்கா. இந்த வேலைக்கு விண்ணப்பம் வாங்கிக் கொடுத்ததும், நிரப்பியதும், நிரப்பியதில் இருந்த அடித்தல்களுக்காகத் தங்கையைத் திட்டிவிட்டு மறுபடியும் நிரப்பியதும் அவள்தான். பத்தொன்பது ஆண்டுப் பணியில் அக்கா ஒரு தவறும் செய்ததில்லை. இன்னும் துல்லியமாகச் சொன்னால், தான் செய்ததாக ஒரு தவறையும் அவள் ஒப்புக்கொண்டதில்லை. வீட்டிலும் அதே ஒழுங்குதான். சாப்பாட்டில் உப்பு கூடினால் உப்பு முன்போல் இல்லை. பேருந்தைத் தவறவிட்டால் பேருந்து சீக்கிரம் வந்துவிட்டது.

"அக்கா, அந்த ஆர்டரை எடு."

"எந்த ஆர்டர்? மொதல்ல சாப்பிட்டியா?"

"சாப்பாடு கெடக்கட்டும். கையை மாத்தச் சொல்லி எனக்குக் குடுத்தியே, அது."

"நான் டைப் பண்ணின ஆர்டர்ல தப்பு இருக்காது. இப்பவே சொல்லிட்டேன்."

"தப்பு இருக்குன்னு நான் சொல்லவே இல்லையே."

"உன் மூஞ்சி சொல்லுதே."

கோப்பு வந்தது. அக்கா தட்டச்சு செய்திருந்த ஆணை ஒரே வரி: 'சின்னத்தை இடது கையிலிருந்து வலது கைக்கு மாற்றித் தைக்கவும்.' அதன்கீழே தலைமையகத்தின் மூலச் சுற்றறிக்கை இருந்தது. தங்கை அந்தத் தாளைத் திருப்பினாள். பின்பக்கத்தில் எழுதியிருந்தது: 'உயிரினம் இடம்பெறும் சின்னத்தைக் கொண்ட பிரிவுகள், அவ்வுயிரினம் அணிபவரின் முன்புறத்தை நோக்குமாறு அமைந்த புதிய சின்னங்களை மத்தியக் கிடங்கிலிருந்து முன்கூட்டியே பெற்றுக்கொள்ள வேண்டும்.'

அக்கா தாளை வாங்கி முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இது பின்பக்கத்துல இருக்கு," என்றாள் அக்கா, அந்தத் தாள் தன் முதுகுக்குப் பின்னால் செய்த துரோகத்தைச் சொல்வதுபோல.

"நீ படிக்கலையா?"

"யாருடீ பின்பக்கத்துல எழுதுவாங்க? தலைமையகத்துல பேப்பருக்கா பஞ்சம்?"

"அக்கா, நீ படிக்கலை."

"அச்சு மங்கலா இருக்கு பாரு."

"பளிச்சுனு இருக்கு."

"இப்பப் பளிச்சுனு இருக்கு."

தங்கை கோப்பை மூடி மேசைமீது வைத்தாள். "வெள்ளிக்கிழமை வர்றவரு என்னைக் கூப்பிட்டுக் கேட்டா நான் என்ன சொல்லட்டும்?"

"சுற்றறிக்கைப்படி தைச்சேன்னு சொல்லு."

"சுற்றறிக்கையை நான் கண்ணால பாத்ததே இப்பத்தான். உன் ஒத்தை வரியைத்தானே பாத்துத் தைச்சேன்? அதைச் சொன்னா உன் தலை உருளும். சொல்லாட்டி என் வேலை போயிடும்."

அக்கா கோப்பின் நாடாவை மிகுந்த கவனத்தோடு முடிச்சிட்டாள். ஒருமுறை முடிச்சிட்டதைப் பிரித்து இன்னொரு முறையும் முடிச்சிட்டாள். "மேஜர் இருக்காரு," என்றாள் கடைசியில். "அவரு எதுக்கும் ஒரு அர்த்தம் கண்டுபிடிச்சுடுவாரு. நீ போய்ச் சாப்பிடு."

மேஜர் உண்மையிலேயே கண்டுபிடித்தார். இரண்டு மணி நேரம் கதவை அடைத்துக்கொண்டு இருந்துவிட்டு, வெளியே வந்தபோது அவர் முகத்தில் ஒளி இருந்தது.

"இது பின்வாங்குறது இல்லை சார்ஜெண்ட். திரும்பிப் பார்க்கிறது. வந்த வழியை மறக்காத படை. பின்னால இருக்கிறவங்களை நினைக்கிற படை. சொல்லப்போனா, இத்தனை வருஷம் நாம தப்பான கையில வெச்சிருந்தோம்."

"நல்லாருக்கு சார்," என்றார் சார்ஜெண்ட். "மூட்டைதான் கொஞ்சம் இடிக்குது."

"மூட்டைக்கு என்ன?"

"மூட்டையோட திரும்பிப் போகுது சார். அப்ப, கொண்டுபோன சரக்கை நாம குடுக்காமலே திருப்பி எடுத்துட்டு வர்றோம்னு ஆகுது."

மேஜர் மறுபடியும் கதவை அடைத்துக்கொண்டார். இம்முறை ஒரு மணி நேரம்தான் ஆயிற்று.

"அது சரக்கு இல்லை. காயம்பட்ட தோழன்."

"காயம்பட்டவனை யாரு சார் சாக்குல கட்டுவாங்க?"

"அது குறியீடுய்யா!" என்று மேஜர் மேசையைத் தட்டினார். குறியீடு என்று சொல்லிவிட்டபின் அந்த முகாமில் யாரும் எதிர்வாதம் செய்வதில்லை.

செவ்வாயும் புதனும் புதிய பொருளைப் புகட்டுவதில் கழிந்தன. மூட்டை இனிப் பொறுப்பன்று, தோழன். தூக்கிய கால் இனி முன்னேற்றமன்று, பின்தங்கியவர்களை நோக்கி நீளும் கரம். புதிய விளக்கம் பழைய விளக்கத்தைவிட ஆழமானது என்பதில் ஐயமில்லை. ஆனால் பழையது வீரர்களின் நாக்கில் ஏற்கெனவே குடியேறி, காலி செய்ய மறுத்தது. "கால் எதைக் குறிக்குது?" என்று கேட்டால், "கையை" என்று சிலரும், "எந்தக் கால் சார்?" என்று சிலரும், "போன வாரமா, இந்த வாரமா?" என்று மிகவும் நேர்மையான சிலரும் பதில் சொன்னார்கள்.

தையல்காரிக்கு இந்த விளக்கங்களில் மனம் ஒட்டவில்லை. ஒரு பிராணி எந்தப் பக்கம் போகிறது என்பதைப் பார்ப்பதற்கு யாரும் கையேட்டைப் புரட்ட மாட்டார்கள். புதன்கிழமை மாலை, பொத்தான் தைத்த சட்டைகளை ஒரு கூடையில் சுமந்துகொண்டு மைதானத்தின் ஓரமாகப் போனவள், காலியாக இருந்த மேடையைக் கண்டு நின்றாள். மேடையில் ஏறினாள். கூடையை இறக்கி வைத்துவிட்டு, ஒத்திகையில் இருந்த சார்ஜெண்டைக் கைகாட்டி அழைத்தாள்.

"சார், பெரியவரு இங்கதானே நிப்பாரு?"

"ஆமா. நீங்க இறங்குங்க, யாராவது பாத்தா வம்பு."

"நீங்க எந்தப் பக்கத்துலேர்ந்து வருவீங்க?"

"மேற்கு வாசல். மேடை எங்களுக்கு வலது கைப்பக்கம் இருக்கும். 'வலப்பக்கம் பார்'னு கத்துவேன், எல்லாரும் பாப்பாங்க."

"கிழக்கு வாசல் வழியா வந்தா?"

"அப்ப மேடை இடது கைப்பக்கம்..."

"இடது கையில என்ன சார் தைச்சிருக்கேன்?"

"கொடி," என்ற சார்ஜெண்ட், வாழ்க்கையில் முதன்முறையாகக் குரலின்றி வாயை மட்டும் அசைத்தார்.

"கழுதையைத் திருப்ப முடியாட்டி என்ன? ஆளுங்களைத் திருப்பிடலாமே."

மேஜரின் சம்மதத்தைப் பெறுவது எளிதாக இல்லை. சின்னத்தை மறைப்பதா என்று வருந்தினார். மறைக்கவில்லை, கொடியை முன்னிறுத்துகிறோம் என்று சார்ஜெண்ட் சொன்னதும், அதிலும் ஒரு பொருள் இருப்பதை உணர்ந்து இசைந்தார். வியாழக்கிழமை முழுவதும் படை கிழக்கிலிருந்து வந்தது. முதல் ஒத்திகையில் 'இடப்பக்கம் பார்' என்ற முழக்கத்துக்குப் பாதிப்பேர் பழக்கதோஷத்தில் வலப்பக்கம் திரும்பிச் சமையற்கூடத்துக்கு வணக்கம் வைத்தார்கள். வாசலில் நின்றிருந்த சமையல்காரர் கரண்டியை உயர்த்தி முறைப்படி அதை ஏற்றுக்கொண்டார். மாலைக்குள் எல்லாக் கழுத்துகளும் சரியான பக்கம் திரும்பக் கற்றுக்கொண்டன.

வெள்ளிக்கிழமை வந்த பிரிகேடியர் குள்ளமானவர், குரலை உயர்த்தாதவர். உயர்த்தத் தேவையில்லாத பதவிக்கு வந்து பல ஆண்டுகள் ஆகியிருக்க வேண்டும். மேடைக்குக் கீழே அலுவலகப் பணியாளர்களின் வரிசையில் அக்கா குறிப்பேட்டோடும், அவளுக்கு அடுத்ததாகத் தங்கை வெறுங்கையோடும் நின்றார்கள். படை கிழக்கு வாசலில் தோன்றியது. முந்நூற்று ஆறு நாட்டுக் கொடிகள் மேடையைக் கடந்தன. 'இடப்பக்கம் பார்' என்ற முழக்கத்துக்கு ஒரு தலைகூடச் சமையற்கூடத்தை நினைக்கவில்லை. அணி நின்று, மேடையை நோக்கித் திரும்பி, ஆறு வரிசைகளாக அசைவற்று நின்றபோது, தையல்காரி நான்கு நாட்களாக அடக்கி வைத்திருந்த மூச்சை விட்டாள்.

பிரிகேடியர் மேடையிலிருந்து இறங்கினார்.

"எறங்குறாரு," என்று அவள் முணுமுணுத்தாள்.

"எறங்கட்டும். முன்னாடியே பாத்துட்டுப் போயிடுவாரு," என்றாள் அக்கா உதட்டை அசைக்காமல்.

அவர் முன்வரிசையை மெதுவாகப் பார்த்துக்கொண்டே போனார். காலணி, இடைவார், பொத்தான். கடைசி ஆளையும் கடந்தார். பிறகு, எவரும் எதிர்பாராத விதத்தில், வரிசையின் மூலையில் திரும்பினார். வலப்புற ஓரத்தில் ஒருவர் பின் ஒருவராக ஆறு பேர் நின்றார்கள்; ஆறு வலது கைகள்; ஆறு கழுதைகள்.

"இது எங்க போகுது?" என்று கேட்டார் பிரிகேடியர்.

ஓரத்தில் நின்றவன் சேர்ந்து இரண்டு மாதமே ஆனவன். நெஞ்சை நிமிர்த்தினான். "முன்னேற்றம் சார்! திரும்பிப் பார்க்கிற முன்னேற்றம் சார்! மூட்டை தோழன் சார். தோழன் பொறுப்பா இருக்காரு சார். மூணு காலு உணவு, மருந்து, எரிபொருள்!"

"நாலாவது காலு?"

"கை சார்."

"கையா?"

"இந்த வாரத்துலேர்ந்து கை சார்."

பிரிகேடியர் அடுத்தவனின் கையைப் பார்க்கத் திரும்பினார். நிலைமையைக் காப்பாற்றும் பொறுப்பு தன் குரல்வளையில்தான் இருக்கிறது என்று சார்ஜெண்டுக்கு அந்தக் கணத்தில் தோன்றியது. கழுதை முன்னோக்கிப் போக வேண்டும், அவ்வளவுதானே? பயிற்சிப் புத்தகத்தில் அதற்கும் ஒரு கட்டளை உண்டு.

"பிரிவு! பின்னோக்கி மூன்று அடி... நட!"

முந்நூற்று ஆறு பேரும் முகத்தில் ஒரு சலனமும் இன்றிப் பின்னோக்கி மூன்று அடி எடுத்துவைத்தார்கள். ஓரத்தில் இருந்த ஆறு கழுதைகளும் காலைத் தூக்கி, காதை நிமிர்த்தி, மூட்டை குலுங்காமல் கம்பீரமாக முன்னேறின.

"இன்னொரு தடவை," என்றார் பிரிகேடியர்.

மறுபடியும் மூன்று அடி. கடைசி வரிசையின் குதிகால்கள் சமையற்கூடத்து வடிகாலின் விளிம்புக்கு வந்துவிட்டன.

"இப்படியே எல்லை வரைக்கும் போவீங்களா சார்ஜெண்ட்?"

"உத்தரவு குடுத்தாப் போவோம் சார்!" இது பாலம் கட்டும் பிரிவுக்கும் கேட்டது. வேலிக்கு அப்பால் யாரோ சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டார்கள்.

"இதைத் தைச்சது யாரு?"

மேஜர் முன்வந்து, "சார், இந்தச் சின்னத்தைப் பொறுத்தவரை தற்செயலானது என்று..." எனத் தொடங்கினார். பிரிகேடியர் ஒரு விரலை உயர்த்தினார். பதினான்கு பக்கங்களும் அந்த ஒரு விரலுக்குக் கீழே அடங்கிப்போயின. தையல்காரி வரிசையிலிருந்து வெளியே வந்தாள். பிரிகேடியர் ஓரத்து வீரனின் சட்டைக் கையைப் பிடித்து, நகத்தால் சின்னத்தின் விளிம்பைச் சுற்றி வந்தார். எங்கேயும் நகம் மாட்டவில்லை.

"தைக்கிறப்பத் தெரியலையாம்மா?"

"மேசையில சட்டை படுத்திருக்கும் சார். படுத்திருக்கிற சட்டைக்கு முன்னாடி, பின்னாடின்னு ஒண்ணும் கிடையாது. காது மேல இருக்கா, விளிம்பு நேரா இருக்கா, அதைத்தான் பாத்தேன். ஆளு போட்டு நடந்தப்புறம்தான் எனக்கே தெரிஞ்சுது."

அவர் தலையசைத்தார். அவருக்கு அது ஒரு நியாயமாகப் பட்டிருக்க வேண்டும். ஆனால் கேள்வி முடியவில்லை. "உயிரினம் இருந்தா புதுச் சின்னம் வாங்கணும்னு சுற்றறிக்கையில தெளிவா இருந்துச்சே. நான்தான் எழுதினேன். அது உங்க கைக்கு வந்துச்சா, வரலையா?"

வந்தது என்றால், படித்தும் செய்யாத குற்றம் அவளுடையது. ஆறு மாதமும் அத்தோடு முடிந்தது. வரவில்லை என்றால், அடுத்த கேள்வி யாரிடம் போகும் என்பது மைதானத்தில் இருந்த எல்லாருக்கும் தெரியும். தன் விண்ணப்பத்தை இரண்டு முறை நிரப்பிய கை, பத்தொன்பது ஆண்டுகளாகச் சிவப்பு மை படாத பதிவேடு. இரண்டும் அவள் கண்முன் வந்தன.

"வந்து..." என்று தொடங்கினாள். "வந்துச்சு சார்," என்று சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தாள்.

"வரலை சார்."

குரல் பணியாளர் வரிசையிலிருந்து வந்தது. அக்கா குறிப்பேட்டை மார்போடு அணைத்தபடி இரண்டடி முன்னால் வந்திருந்தாள்.

"நான் அனுப்பலை. அது தாளோட பின்பக்கத்துல இருந்துச்சு. பின்பக்கத்தை நான் பாக்கலை." வேறு யாருடைய கோப்பையோ வாசிப்பதுபோன்ற குரலில் இதைச் சொல்லி முடித்தாள். முடித்துவிட்டு அமைதியாக இருந்திருக்கலாம். பத்தொன்பது ஆண்டுப் பழக்கம் விடவில்லை. "அச்சும் கொஞ்சம் மங்கலா..."

"மங்கலாவா?" என்றார் பிரிகேடியர்.

அக்கா தங்கையைப் பார்த்தாள். தங்கை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்லை சார். பளிச்சுனுதான் இருந்துச்சு."

அறிக்கையை அன்றே எழுதிவிட வேண்டும் என்பது விதி. தட்டச்சு செய்ய வேண்டியவர் தலைமை எழுத்தர் என்பதும் விதி. எனவே நண்பகலில் பிரிகேடியர் சொல்லச் சொல்ல, அக்கா தன் மீதான குற்றப்பத்திரிகையைத் தானே தட்டச்சு செய்யும் நிலைக்கு வந்தாள்.

"உடை," என்றார் அவர். "தையல் நேர்த்தியானது. ஆனால் சின்னத்தின் திசை..."

அக்காவின் விரல்கள் நின்றன. "சார், மன்னிக்கணும். 'உடை'ங்கிற தலைப்புல ரெண்டே பதில்தான் போடலாம். 'குறையில்லை', இல்லாட்டி 'குறையுண்டு'. நேர்த்தின்னெல்லாம் போட்டா படிவம் செல்லாது."

"கழுதை பின்னாடி போகுதேம்மா. அதைக் குறையுண்டுன்னுதானே போடணும்?"

"அது உடையோட குறை இல்லை சார். உத்தரவோட குறை. உத்தரவு எப்படி வந்துச்சோ அப்படியே உடை இருக்கு. இந்தக் குறை 'அலுவலகம்'ங்கிற தலைப்புல வரணும். எட்டாவது இனம்."

தன் தலையை எந்தக் கட்டத்தில் வைத்து வெட்ட வேண்டும் என்பதை இவ்வளவு ஒழுங்காக எடுத்துச் சொன்ன ஓர் எழுத்தரைப் பிரிகேடியர் அதுவரை சந்தித்திருக்கவில்லை.

"சரி. உடை: குறையில்லை. போட்டாச்சா?"

அவர் கேட்டு முடிப்பதற்குள் போட்டாகிவிட்டிருந்தது.

"எட்டாவது இனம். அலுவலகம்: தலைமை எழுத்தர் சுற்றறிக்கையை முழுமையாகப் படிக்கவில்லை. எச்சரிக்கப்படுகிறார்."

இந்த வரிக்கு மட்டும் நேரம் பிடித்தது. ஒவ்வோர் எழுத்தாக, ஒரு பிழையும் இல்லாமல் அது தாளில் ஏறியது.

வெளியே நடைவழியின் பெஞ்சில் தங்கை காத்திருந்தாள். கதவு திறந்த சத்தம் கேட்டதும் எழுந்தாள்.

"என்னக்கா ஆச்சு?"

"நிரந்தரம்."

தங்கை பெஞ்சிலேயே மறுபடியும் உட்கார்ந்துவிட்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று அவளுக்கே தெரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "உனக்கு?" என்றாள்.

"எச்சரிக்கை. பதிவேட்டுல ஏத்தியாச்சு. சிவப்பு மையில." அக்கா பக்கத்தில் உட்கார்ந்து, கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பால் துடைத்தாள். துடைக்க அதில் ஒன்றுமில்லை. "எல்லாம் உன்னாலதான்."

"என்னாலயா?"

"பின்ன? அங்கொண்ணும் இங்கொண்ணுமா நாலு சின்னத்தைக் கோணலாத் தைச்சிருந்தா, அவரு அதைப் பாத்து உன்னை நாலு திட்டு திட்டிட்டுப் போயிருப்பாரு. எந்தப் பக்கம் பாக்குதுன்னு யாரு கவனிச்சிருக்கப் போறாங்க? அறுநூத்திப் பன்னெண்டையும் அவ்வளவு நேராத் தைக்கச் சொல்லி உன்கிட்ட யாருடீ அழுதாங்க?"

தங்கை வாதாட வாயைத் திறந்தாள். அக்காவின் கை கண்ணாடியை இன்னும் துடைத்துக்கொண்டிருந்தது.

"தப்புதான்க்கா," என்றாள் தங்கை.

"ம்," என்றாள் அக்கா. கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். "சரி வா, சாப்பிடலாம்."